அண்ணன் கட்டிவிட்ட கை

மார்ச் 3, ஞாயிறு

இன்று மதியச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர் டாக்டர் இன்னாசிமுத்து. அவருடைய அண்ணன் சூசை. ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரருக்குக் கீழே அறுவை செய்யும் டாக்டர் ஷபானா. வேறு யாருமில்லை. சுவரில் திரு இருதய ஆண்டவர் படம் இருந்தது. பின்னால் யாராவது பேச்சை மாற்றினால் சாட்சிக்கு ஆகும் என்பதால் அதையும் எழுதிவைக்கிறேன்.

வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, ரசம். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு நல்ல சாப்பாடு.

சூசை மாமா நாற்காலியில் ஒருக்களித்தே உட்கார்ந்திருந்தார். அடிவயிற்றில் வலது பக்கம் குடலிறக்கம். பல வருஷமாக பெல்ட்டைப் போட்டு இறுக்கிக்கொண்டு ராயபுரத்துப் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்து வருகிறார். இப்போது நின்றாலே இறங்கிவிடுகிறதாம். இறால் தொக்கை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஆப்ரேசன் பண்ணிக்கலாம்னு கீறேன். ஆனா ஒண்ணு. என் வயித்துல கத்தி வெச்சா அது எந்தம்பி கத்திதான். வேற எவனும் தொடக்கூடாது. இன்னா டாக்டரே?"

வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணன் முன்னால் மட்டும் வருகிற சிரிப்பு அது. "ஏப்ரல்ல பண்ணிடலாம்ண்ணே. ஒரு மணி நேர வேலை."

ஷபானா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகச் சாப்பிடுகிற பெண். அதற்குப் பிறகு ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

"சொந்த அண்ணனைத் தம்பியே அறுக்கலாமா? வேண்டாம்னுல்லா புஸ்தகத்துல போட்டிருக்கு" என்றேன்.

"பார்றா, தூத்துக்குடி கணக்குப்புள்ள வாயத் தொறந்துட்சி" என்றார் சூசை மாமா. "எட்டாங்கிளாஸு படிச்சிட்டு, தம்பி புஸ்தகத்தத் தொடச்சித் தொடச்சே டாக்டராயிட்சி."

என் வீட்டுக்காரரும் சிரித்தார். எட்டாம் வகுப்பு உண்மைதான். மிச்சத்தை நானே படித்தேன். யார் தயவும் கேட்கவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய தடித்தடிப் புத்தகங்களைப் படித்தேன். துடைத்தது உபரி வேலை.

என் வீட்டுக்காரர் சாப்பாட்டைத் தவிர எல்லாவற்றுக்கும் இடது கைக்காரர். எழுதுவது, சவரம் செய்வது, கத்தி பிடிப்பது, அந்தக் காலத்தில் குத்தியது, எல்லாம் இடது கைதான். அந்தக் கை இன்று விருந்து முடியும்வரை மடியிலேயே இருந்தது.

மார்ச் 4, திங்கள்

அவருடைய சட்டைகளில் பொத்தான் காஜாவைக் கொஞ்சம் பெரிதாக்கித் தைத்தேன். துணி சுருங்கிவிட்டிருக்கிறது.

கேஸ் சிலிண்டர் வந்தது.

மார்ச் 6, சாம்பல் புதன்

காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கினேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் மீனை விடுவேன், காப்பியை விடுவேன். இந்த வருஷம் சூசை மாமாவைக் கடிந்து ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று ஆண்டவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மீனைவிட இது கஷ்டம் என்பது ஆண்டவருக்குத் தெரியும்.

கோயில் வாசலிலேயே சோதனை.

"இன்னாம்மா சிசிலி, சாம்பல் வாங்கினியா? நெத்திக்கு மட்டுந்தானா, நாக்குக்கும் கொஞ்சம் வாங்கிக்கினியா?"

"ஸ்தோத்திரம் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 10, ஞாயிறு

கண்ணாடி அலமாரியைத் துடைத்தேன். மேல்தட்டு முழுக்க அவருடைய கோப்பைகள். வெள்ளிப் பூச்சு போய்ப் பித்தளை தெரிகிறது. நடுவில் அந்தப் போட்டோ. பதினெட்டு வயதுப் பையன், பனியன், மூக்கில் பஞ்சு. நடுவர் அவருடைய வலது கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். இடது கை தொங்குகிறது. பக்கத்தில் தோளில் துண்டோடு சூசை மாமா, ஏதோ தானே ஜெயித்துவிட்டதுபோல.

இந்தக் கதையை சூசை மாமா ஒவ்வொரு ஞானஸ்நான விருந்திலும் சொல்லுவார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி இறந்துபோனார். அண்ணன் தன் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தம்பியை வளர்த்தார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. மாநில இறுதிச் சண்டைக்கு முந்தின நாள் தம்பியின் இடது கை முட்டி எலும்பு விரிசல் விட்டுவிட்டது. வைத்தியர் பார்த்தால் ரிங்குக்குள் விடமாட்டார். காலையில் அண்ணன் அந்தக் கையை ஐஸ் தண்ணீரில் முக்கி வைத்து, வீக்கம் தெரியாதபடி துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டார். கையுறை மாட்டும் முன் ஓர் அதிகாரி வந்து கட்டைப் பார்த்துக் கட்டின் மேலேயே பேனாவால் கையெழுத்துப் போடுவது அங்கே வழக்கம். போட்டுவிட்டுப் போனார். மூன்று சுற்றும் அந்தக் கையால் குத்தி இவர் ஜெயித்தார். அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

விருந்தில் எல்லாரும் கை தட்டுவார்கள். நான் அந்த அதிகாரியை நினைத்துக்கொள்வேன். கட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை.

கல்லூரியில் இவருக்கு வைத்த பெயர் 'குத்துக் கோட்டா'. அந்தப் பெயரை வைத்த பேராசிரியரே வயதான காலத்தில் தன் பித்தப்பையை இவர் கையில்தான் ஒப்படைத்தார். அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அந்தக் கையால் எத்தனை பேருடைய வாய் மூடப்பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

மார்ச் 15, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வெளியே வரும்போது தெக்லா பிடித்துக்கொண்டாள். அவருடைய ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ்.

"அக்கா, ஒரு விசயம். நான் சொன்னேன்னு வெளிய வரக்கூடாது."

"மாதா மேல ஆணையா வராது. சொல்லு."

"சார் இப்பல்லாம் வயித்தத் தொறக்குறதோட சரிக்கா. உள்ள போனதும், 'ஷபானா, நீ பண்ணு, பழகு'ன்னு தள்ளி நின்னுடுறாரு. நல்ல மனசு, பொண்ணு பழகட்டும்னு நெனக்கிறாருன்னுதான் நாங்களும் இருந்தோம். போன வாரம் ஷபானா லீவு. ஒரு ரத்தக்குழாய் முடிச்சு, போடப் போட அவுந்துச்சு. லைட்டு சரியில்லன்னு எலக்ட்ரீசியனக் கூப்ட்டு அப்பிடித் திட்டுறாரு. லைட்டு நல்லாத்தான்க்கா இருந்துச்சு."

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். "அவங்க அண்ணன் கேஸை ஷபானாதானே பாக்கும்?"

"அதான் எனக்குத் தூக்கம் வரல. அண்ணன் கேஸுல யார் கையும் படக்கூடாதுன்னுட்டாரு. உதவிக்குக்கூட ஷபானா வேணாமாம். பெரியவரு அப்பிடித்தான் கேட்டாராமே, தம்பி கை மட்டுந்தான்னு."

வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். சொத்தை. நான் பார்த்து வாங்காமல் வந்தது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை.

மார்ச் 16, சனி

காலையில் காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டேன். நல்லவிதமாகத்தான் கேட்டேன்.

"ஏங்க, இடது கை எப்பிடி இருக்கு?"

"எப்பிடி இருக்கணும்?"

"நீட்டுங்க, பாப்போம்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். வலது கையால். "யார் சொன்னா? ஷபானாவா? தெக்லாவா?"

"உங்க சட்டை சொல்லிச்சு."

"ஓஹோ. வீட்லயே ஒரு ப்ரொஃபசர். பொட்டிப் பொட்டியா என் புஸ்தகத்தப் படிச்சியே, அதுல எந்த வியாதின்னு போட்டிருக்கு? சொல்லு, கேப்போம்."

எனக்குத் தெரியும். புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்பதுகூடத் தெரியும். தலையில் பல வருஷம் அடி வாங்கினவர்களுக்கு வயதான பிறகு வருவது. நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

"அண்ணனை மட்டும் ஷபானாட்ட விட்டுருங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்குதேன்" என்றேன். வாசலை மறித்துக்கொண்டுதான் நின்றேன். அவர் தாடையைத் தாழ்த்தி, வலது தோளை முன்னே கொண்டுவந்து நின்றார். அது அடிக்கிறவர் நிற்கிற நிலை அல்ல. அடி வாங்குகிறவர் நிற்கிற நிலை. அந்த நிலையில் அவரை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன்.

பிறகு சொன்னார்: "நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து எங்கண்ணன உனக்கு ஆகாது. அவன் பொழைக்கணும்னா பேசற? நான் தோக்கணும்னு பேசற."

தவக்காலம் என்பதால் நான் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

பேச்சில்லை. இட்லிக்கு அரைத்தேன். மாவு பொங்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

பூசை முடிந்து நேராக சூசை மாமாவின் பயிற்சிக் கொட்டகைக்குப் போனேன். மீன்வலை உலர்த்துகிற இடத்துக்குப் பின்னால், தகரக் கூரை, வியர்வை நாற்றம், தொங்குகிற மூட்டைகள். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் அங்கே கால் வைத்தது இல்லை. ஞாயிறு என்பதால் பையன்கள் யாருமில்லை. அவர் மட்டும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, துவைத்த கைத்துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா, கணக்குப்புள்ள வந்துகீது! எவனாவது செத்துட்டானா?"

"இன்னும் இல்ல மாமா. அவரு கை நல்லால்ல. நீங்க வேற டாக்டர்ட்ட பண்ணிக்கிடணும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் துணியைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"என்னத்த தெரியும்?"

"கிறிஸ்மஸுக்கு உங்கூட்ல கேக் வெட்டும்போதே பாத்தேன். இடது கட்டை விரலு சும்மா உருட்டிக்கினே இருந்துச்சி. அந்தக் கைய கட்டினவன் நானு. அதுல இன்னா ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுகிட்டேவா அவரு கத்தியக் கேட்டீங்க?"

"தெரிஞ்சதாலதாம்மா கேட்டேன்." சுருட்டிய துணியை வரிசையில் அடுக்கினார். "ஆஸ்பத்திரில மொணமொணன்னு பேச ஆரம்பிச்சிட்டானுங்களாம். குத்துக் கோட்டா ஆடுதுன்னு. கூடப் பொறந்த அண்ணனே அவங்கிட்ட போய்ப் படுத்துக்கினான்னா, அப்புறம் எவன் வாயத் தொறப்பான்? நல்லா ஆச்சின்னா அவன் பேரு நின்னுடும்."

"ஆகலைன்னா?"

"ஆவலன்னா போறேன். எனக்கு இன்னா, பொண்டாட்டியா, புள்ளையா?"

"அண்ணனைக் கொன்ன டாக்டர்னு அவரு பேரு நிக்கும். அதானே உங்களுக்கு வேணும்?"

அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "எழுந்து போம்மா. பொம்பளன்னு பாக்குறேன்."

"ரிங்குல ஆளுக்கு முடியலைன்னா மூலையில நிக்கிறவன் துண்டை எடுத்து வீசணுமாமே. ஆட்டம் முடிஞ்சுதுன்னு அர்த்தமாமே. வீசுங்க."

"சூசை ஒரு தரங்கூட துண்டு வீசினது கெடையாது. ராயபுரத்துல எவன வேணா கேட்டுப் பாரு." இதைச் சொல்லும்போது ஒரு கை பெல்ட்டுக்கு மேலே வயிற்றை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்த்திருந்தது.

"வடிகட்டின முட்டாள் நீங்க" என்றேன். என் தவக்கால ஒப்பந்தம் இத்தோடு முறிந்தது. பங்குத்தந்தையிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சூசை மாமாவிடம் கேட்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வாய் திறக்காமலே எல்லாம் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பக்கத்தில் படுத்திருக்கிறவள் நான். கிறிஸ்மஸுக்கு நான் கேக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லாத் துண்டும் ஒரே அளவாக விழுகிறதா என்று.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஷபானாவுக்குப் போன் செய்து, அண்ணன் கேஸைத் தன்னிடம் விடும்படி அவரிடம் கேட்கச் சொன்னேன். "அம்மா, நான் எப்படிச் சொல்லுவேன்? எனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே சார்தான். 'பயப்படாத, நான் பின்னால நிக்கிறேன்'னு சொன்னவரு. அவர்கிட்டப் போயி, 'நீங்க கத்தியக் குடுங்க'ன்னு..." அழுதாள். அழட்டும். அழுது என்ன?

ஆபரேஷன் எட்டாம் தேதி.

ஏப்ரல் 8, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் சூசை மாமாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் வெள்ளைக் கோட்டில், இடது கை பைக்குள். ஷபானா தூணோரமாக. தெக்லா கோப்போடு. சேர்க்கை மேஜையில் இருந்த பெண் ஒரு தாளைத் திருப்பி வைத்தாள்.

"பேஷண்டு போட்டுட்டாரு. சொந்தக்காரங்க ஒருத்தர் சம்மதக் கையெழுத்து போடணும். மனைவி, பிள்ளைங்க யாரும் இல்லன்னாங்க. சார் தம்பிதான், ஆனா அவரே சர்ஜன், அவர் போட முடியாது. அதனால மேடம் நீங்க."

பேனாவை வாங்கித் தாளைப் படித்தேன். முழுவதும் படித்தேன். அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது. அறுவை செய்பவர் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர்.

"இதுல டாக்டர் ஷபானா பேரைப் போடுங்க. இப்பவே கையெழுத்து போடுதேன்" என்றேன்.

"சிசிலி" என்றார் அவர். மெதுவாகத்தான். "வீட்டுக்குப் போ."

"ஏம்மா, ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்!" என்று சூசை மாமா கத்தினார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "நீ போடலன்னா நானே ரெண்டு தரம் போட்டுக்கறேன்!"

வீட்டில் நினைத்துக்கொண்டு வந்தது, மறுத்துவிட்டுத் திரும்பிவிடுவது என்று மட்டும்தான். ஆனால் அந்த மேஜையில் எல்லாரும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றபோது, துணிப்பட்டை மேல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது.

பேனாவை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "நீங்க போடுங்க. இந்தத் தாள் பின்னால உங்க முழுப் பேரையும் எழுதுங்க. ஒரே அளவா எழுதிக் காட்டுங்க. அடுத்த நிமிசம் நான் போடுதேன்."

மறுத்திருக்கலாம். என்னை ஏசிவிட்டுப் போயிருக்கலாம். சவால் என்று வந்துவிட்டால் அவருக்குப் பின்வாங்கத் தெரியாது. சூசை மாமா அப்படித்தான் வளர்த்திருக்கிறார். இடது கையைப் பையிலிருந்து எடுத்துப் பேனாவை வாங்கி எழுதினார். முதலெழுத்து நன்றாகவே விழுந்தது. அடுத்தது கொஞ்சம் சிறியது. போகப்போகச் சிறுத்துக்கொண்டே போயிற்று. 'முத்து' என்ற இடத்தில் எறும்பு ஊர்ந்தது போல. கடைசிப் புள்ளியை அவர் வைக்கவில்லை. வைக்கப் பார்த்தார், பேனா இடம் தவறி இரண்டு தடவை தாளைத் தட்டியது.

தெக்லா சுவரைப் பார்த்தாள். சேர்க்கை மேஜைப் பெண்கூடப் புரிந்துகொண்டுவிட்டாள்.

அவர் பேனாவை மூடி, மேஜையில் வைத்து, கோட்டைக் கழற்றி ஷபானா கையில் கொடுத்தார். பொத்தான் இல்லாத கோட்டு அது. சுலபமாகக் கழன்றது.

சூசை மாமா சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து என் முகத்துக்கு நேரே வந்தார். "சண்டாளி. நாலு பேர் முன்னாடி அவன் கட்டை அவுத்துட்டியே. எவ்வளவு அடி வாங்கினான் தெரியுமா? ஒருத்தனும் அவன கீழ சாய்ச்சது கெடையாது. நீ சாய்ச்சிட்ட." பிறகு தம்பியின் தோளில் கை போட்டு நடத்திக்கொண்டு போனார். இன்னொரு கையால் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. யார் யாரைத் தாங்கினார்கள் என்று தெரியவில்லை. ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் செய்தது சரி. ராத்திரிக்கு ரசம் வைக்கப் புளி கரைத்தேன். ஒருவருக்கு எவ்வளவு கரைப்பது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

அவர் அண்ணன் வீட்டில். கேரியரில் சாப்பாடு கொடுத்தனுப்பினேன். திறக்காமலே திரும்பி வந்தது. நானே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 13, சனி

ஷபானா போன். சார் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். போனை எடுப்பதில்லையாம்.

இன்னொன்றும் சொன்னாள். நேற்று சூசை மாமா தாங்க முடியாமல் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். வாந்தி. இறங்கின குடல் உள்ளே போகவில்லை. ஷபானா ஒரு மணி நேரம் போராடிக் கையால் தள்ளி உள்ளே அனுப்பியிருக்கிறாள்.

"அடுத்த தடவ இப்படி உள்ள போகாதும்மா. அங்கேயே மாட்டிக்கிட்டு ரத்தம் நின்னு கறுத்துடும். அப்புறம் மணிக்கணக்குதான். இன்னிக்கே படுங்க, நான் பண்றேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். 'எந்தம்பி சொல்லட்டும்'னுட்டு எழுந்து போயிட்டாரு."

"அவருக்குத் தெரியுமா, அண்ணன் வந்தது?"

"சொல்லக்கூடாதுன்னு பெரியவர் சத்தியம் வாங்கிட்டாரும்மா."

இன்னொரு கட்டு. கட்டிக்கொண்டே இருக்கட்டும்.

ஏப்ரல் 14, குருத்து ஞாயிறு

அவர் பூசைக்கு வரவில்லை. ஓலைக் குருத்து அவருக்கும் சேர்த்து வாங்கினேன். தினமும் அனுப்புகிற கேரியர் இப்போது காலியாகத் திரும்புகிறது.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

சிலுவையை முத்தமிடுகிற வரிசையில் எனக்கு முன்னால் சூசை மாமா. முழங்கால் போட முடியவில்லை. பீடத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். எழும்போது நான் முழங்கையைப் பிடித்தேன். உதறவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம்.

"அவரு எப்பிடி இருக்காரு?"

"இருக்கான். மூட்டை மாரி ஒரு மூலைல குந்திகினு. சோறு வெச்சா துன்றான். ஒரு வார்த்த பேசல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரே ஒரு தரம் பேசினான். 'அண்ணே, நீ என்கிட்ட வேணாம்னு சொல்லு, நான் கத்தியக் கீழ வெச்சிடறேன்'னான்."

"சொல்ல வேண்டியதுதானே!"

"எப்பிடிம்மா சொல்வேன்? ஊர் சொல்லிச்சி, நீ சொன்ன. நானுமா? நானும் அந்தப் பொண்ணுகிட்ட போய்ப் படுத்தா, அவன் கை போச்சின்னு நானே மணியடிச்ச மாரி ஆயிடும். அவன் வாயால சொல்லட்டும், 'அண்ணே, நீ ஷபானாகிட்ட பண்ணிக்க'ன்னு. அன்னிக்கே படுக்கறேன்."

"இத அவர்ட்ட சொன்னீங்களா?"

"இதெல்லாம் சொல்வாங்களா? அவனுக்கே தெரியணும்."

இரண்டு பேரும் ஒருவர் மானத்தை ஒருவர் காவல் காத்துக்கொண்டு, நடுவில் ஒரு குடலைக் கறுக்க விடப்போகிறார்கள். இதுவரை எல்லாம் சொல்லாமலே தெரிந்துகொண்டவர்களுக்கு இது ஒன்று மட்டும் தெரியவில்லை.

"ஒண்ணு தெரிஞ்சிக்க" என்றார் போகும்போது. "அன்னிக்கு நீ பண்ணத நான் சாவுற வரைக்கும் மன்னிக்கமாட்டேன்."

"நான் கேக்கலியே மாமா."

"கேக்காத." நாலடி போய் நின்று, திரும்பாமலே, "கேரியர்ல இனிமே மீன் வெச்சி அனுப்பாத. அவனால முள்ளு எடுக்க முடில" என்றார்.

ஏப்ரல் 20, பெரிய சனி

இன்று காலை தெக்லாவிடம் அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். நகல் வைக்காமல் எதையும் அனுப்பிப் பழக்கமில்லை. நகல் கீழே.

*

உங்களுக்கு,

அன்று எல்லார் முன்னாலும் உங்கள் கையைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான். வருத்தம் தெரிவிக்க இதை எழுதவில்லை. மறுபடியும் அந்த மேஜையில் அந்தத் தாளை வைத்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன். அதற்காக நீங்கள் வீட்டுக்கு வராமலே இருந்தாலும் சரி.

உங்களுக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள். பன்னிரண்டாம் தேதி உங்கள் அண்ணன் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். இறங்கினது உள்ளே போகவில்லை. ஷபானா கையால் தள்ளி அனுப்பினாள். அடுத்த தடவை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினது ஷபானாவிடம். என்னிடம் வாங்கவில்லை.

இரண்டாவது. நீங்கள் அவர் வேண்டாம் என்று சொல்லட்டும் என்று இருக்கிறீர்கள். அவர் நீங்கள் சொல்லட்டும் என்று இருக்கிறார். நேற்று கோயில் வாசலில் அவர் வாயாலேயே கேட்டேன். நீங்கள் சொல்லாதவரை, வலியில் சுருண்டு விழுந்தாலும் அவர் வேறு கையில் படுக்கமாட்டார். உங்களுக்காக ஒருவர் சாகத் தயாராக இருப்பதைப் பெருமை என்று நினைத்து உட்கார்ந்திருந்தால், இருங்கள். எனக்கு அது பெருமையாகத் தெரியவில்லை.

நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "அண்ணே, நீ ஷபானாகிட்ட பண்ணிக்க." இதற்குக் கை வேண்டாம்.

திங்கள் காலை தியேட்டரை ஷபானா அண்ணனுக்காக ஒதுக்கிவைத்திருக்கிறாள். ஒரு நிபந்தனை போட்டாள்: நீங்கள் உள்ளே அவளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நீங்கள் அவளுக்குச் சொன்ன வார்த்தைதான் அது, மறந்திருக்கமாட்டீர்கள். எனக்கும் ஒன்று உண்டு. அண்ணனுக்கு மயக்கம் வரும்வரை உங்கள் முகம் அவருக்குத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். கையெழுத்தை நான் காலை ஆறு மணிக்கே வந்து போடுகிறேன்.

வியாழக்கிழமை உங்கள் கையைப் பார்க்க நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நான் கூட வருவது உங்களுக்குப் பிடிக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா இல்லையா என்று தெக்லாவிடமே பதில் கொடுத்தனுப்புங்கள். அவளை உங்கள் வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் தாருங்கள்.

சிசிலி